வெப்பம் மேலே போவதில்லை

மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை சித்திரை, வைகாசியில் ஏன் அப்படிக் கொதிக்கிறது என்று கேட்டால், படித்தவர் படிக்காதவர் எல்லோரிடமும் ஒரே பதில்தான் தயாராக இருக்கிறது: வெப்பம் மேலேதானே போகும், கீழ்வீடுகளின் சூடெல்லாம் ஏறி வந்து அங்கே தங்கிவிடுகிறது. இந்த நம்பிக்கையில்தான் கூரையை ஒட்டி எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுகிறார்கள், வென்டிலேட்டரைப் பெரிதாக்குகிறார்கள். காற்றைப் பற்றி இதில் பாதி உண்மை உண்டு. வெப்பத்தைப் பற்றிச் சொல்வது தவறு. வீட்டைப் பற்றிச் சொல்வது அதைவிடத் தவறு.

வெப்பத்துக்கு மேல், கீழ் என்ற திசைகளே கிடையாது. சூடு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். இரும்புக் கம்பியின் மேல்முனையைக் காய்ச்சினால் அடிமுனையும் சுடும். பூமிக்கு வரும் வெப்பமே மேலிருந்துதான் வருகிறது. உயர எழுவது வெப்பம் அல்ல, சூடான காற்று அல்லது நீர். அதுவும் தானாக எழுவதில்லை. சூட்டில் விரிந்து அடர்த்தி குறைந்ததும், சுற்றிலும் உள்ள கனமான காற்று அதன் அடியில் புகுந்து அதை மேலே தள்ளிவிடுகிறது. இதன் பின்னால் இருப்பது புவியீர்ப்பு. எடையின்மை நிலவும் விண்வெளி நிலையத்தில் மெழுகுவத்தியின் சுடர் மேல்நோக்கி நீள்வதில்லை. ஏறக்குறைய உருண்டையாகத் திரியைச் சூழ்ந்து நிற்கிறது. குளிர்நாட்டு ஏரிகளில் கதை தலைகீழ். நன்னீருக்கு அடர்த்தி மிக அதிகமாக இருப்பது 4 டிகிரி செல்சியஸில் என்பதால், உறைபனிக் காலத்தில் 4 டிகிரி நீர் அடியிலும் 0 டிகிரி பனிக்கட்டி மேலேயும் இருக்கின்றன. வெப்பத்தின் இயல்பே மேலே போவதுதான் என்றால் அந்த ஏரி மீன்கள் பிழைத்திருக்க வழியில்லை.

மேலிருந்து சூடேற்றினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் கூரையின் நிலைமை அதுதான். சோதனைக் குழாயின் அடியில் பனிக்கட்டியைக் கம்பி வலையால் அழுத்தி வைத்து, நீரின் மேற்பகுதியை மட்டும் கொதிக்க வைக்கலாம். மேலே நீர் கொதிக்கும்போதும் அடியில் பனிக்கட்டி உருகாமல் கிடக்கும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தகைய சோதனைகளைச் செய்த ரம்ஃபோர்டு, திரவங்கள் வெப்பத்தைக் கடத்துவதே இல்லை என்று முடிவுகட்டினார். அது சற்று அதிகம். நீர் கடத்தும், ஆனால் செம்பைவிட அறுநூறு மடங்குக்கும் மேல் மந்தமாக. குஜராத்தின் புஜ் நகரில் ஒரு பால்பண்ணைக்கு வெந்நீர் தந்த 6,000 சதுர மீட்டர் சூரியக் குளம் இன்னும் வியப்பானது. அடியில் உப்புச் செறிவு அதிகம், மேலே போகப் போகக் குறைவு. அடிநீர் 70 டிகிரிக்கு மேல் காய்ந்தாலும் உப்பின் கனத்தால் எழ முடியாமல் அங்கேயே கிடக்கும்.

இனி வீட்டுக்கு வருவோம். கீழ்த்தளங்களின் சூடு ஏறுவதுதான் காரணம் என்றால், நான்கு மாடிக் கட்டடத்தில் ஒவ்வொரு மாடியும் முந்தையதைவிடப் படிப்படியாகச் சூடேற வேண்டும். அப்படி நடப்பதில்லை. கூரையை ஒட்டிய மாடியில் மட்டும் சூடு சட்டென்று எகிறுகிறது. இன்னொரு சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது: மாலையில் கூரையின் அடிப்பரப்பு அறைக் காற்றைவிடச் சூடாக இருக்கும். குளிர்ந்த காற்று தன்னைவிடச் சூடான கூரைக்கு வெப்பம் தர முடியாது. ஆகவே பாய்ச்சல் மேலிருந்து கீழேதான். உச்சி வெயில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட் கொட்டுகிறது. வெறும் கான்கிரீட் அதில் பெரும்பகுதியை உறிஞ்சி, சில மணி நேரத் தாமதத்துடன் கீழே கடத்துகிறது. வெயில் தாழ்ந்த பிறகும் புழுக்கம் தணியாததற்கு இந்தத் தாமதம்தான் காரணம். அங்கிருந்து வெப்பம் நம்மை அடைவது பெரும்பாலும் கதிர்வீச்சாக: கூரை 45 டிகிரியும் தோல் 35 டிகிரியும் என்றால் சதுர மீட்டருக்கு 60 வாட் அளவில்.

அப்படியானால் கூரைக்கடியில் சூடான காற்று தேங்குவதில்லையா என்று கேட்கலாம். தேங்குகிறது, ஆனால் அது கூரை காய்ச்சிய காற்று. இலேசாகி மேலேயே ஒட்டிக்கொண்டு, கீழிறங்கும் வெப்பத்தை அது ஓரளவு தடுக்கவும் செய்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேன் அதை வெளியேற்றலாம், கதிர்வீச்சை வெளியேற்றாது. மின்விசிறி சுகமாக இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. அது வியர்வையை உலர்த்தித் தோலைக் குளிர்விக்கிறது. அறையின் சூட்டைக் குறைப்பதில்லை. வெளிக்காற்று குளிர்ந்திருக்கும் இரவில் சன்னல்களைத் திறந்துவைப்பது உண்மையிலேயே உதவும், பகலில் அனல் வீசும்போது அல்ல.

செலவு செய்ய வேண்டிய இடம் தளத்தின் மேற்பரப்பு. நல்ல வெள்ளைப் பூச்சு புதிதில் வெயிலின் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தென்னங்கீற்றுப் பந்தலும் பலன் தரும். பூச்சில் ஒரு தொல்லை உண்டு: புழுதி படிந்தும் மழைக்காலப் பாசி பிடித்தும் அதன் வெண்மை மங்கும். கோடை தொடங்கும் முன் கழுவி, தேவைப்பட்டால் மறுபடி அடிக்க வேண்டும்.