காஸ் எண்ணுக்கு முன் இடைவெளி

தேயிலையில் இரும்புத்துகள் கிலோவுக்கு 250 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம். முதலில் 150 என்று வைத்த வரம்பைத் தொழில்துறையின் கோரிக்கைக்குப் பிறகு தளர்த்தினார்கள். வரம்பு வந்ததிலிருந்து குன்னூர், கோத்தகிரிப் பக்கம் துகளைப் பிடிக்கும் காந்தம் விற்பவர்களுக்கு நல்ல காலம். ஆனால் வாங்கும் முறைதான் தலைகீழாக இருக்கிறது. விலைப்பட்டியலில் காந்தப்புலம் 12,000 காஸ் என்று போட்டிருந்தால் உடனே ஆர்டர் போகிறது. அதை எந்த உயரத்தில், எந்தக் கம்பியில், எந்தச் சட்டத்தில் மாட்டுவது என்பதைப் பெட்டி வந்து இறங்கிய பிறகு ஃபிட்டரிடம் விட்டுவிடுகிறோம். இது நேர் எதிராக நடக்க வேண்டும் என்பதே இந்த இதழின் கருத்து.

அந்த 12,000 என்பது காந்தக் கோலின் மேல்பரப்பில், துருவத்தை ஒட்டி அளந்த எண். தேயிலை அங்கே ஓடுவதில்லை. வடக்கும் தெற்கும் மாறி மாறி அமைந்த காந்தத்தில், விலக விலகப் புலம் எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதைத் துருவங்களுக்கிடையே உள்ள தூரம் தீர்மானிக்கிறது. அந்தத் தூரம் 25 மி.மீ. என்றால், 25 மி.மீ. தள்ளி மிஞ்சுவது ஏறக்குறைய 4 சதவீதம். 12,000 காஸ் கோல் அங்கே 500 காஸ்தான், 50 மி.மீ. தள்ளினால் இருபது சொச்சம். துருவங்கள் 100 மி.மீ. விலகியுள்ள ஃபெரைட் தகடு மேல்பரப்பில் 2,000 காஸ்தான் காட்டும், விலையும் குறைவு. ஆனால் 50 மி.மீ. தள்ளியும் அதில் 400 காஸ் இருக்கும். இது தோராயக் கணக்கு என்றாலும், எதை எங்கே மாட்டுவது என்று முடிவெடுக்கப் போதும். துகளை இழுக்கும் விசையோ புலத்தைவிட இன்னும் வேகமாகச் சரியும்.

ஆகவே வேலையை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பச்சை இலை கன்வேயரில் ஆணி, போல்ட், அரிவாள் துண்டு போன்றவை வரும். அங்கே நாம் காப்பாற்றுவது இலையை நறுக்கும் சி.டி.சி. ரோலரை. இலை கனமாகப் படர்ந்து வருவதால் காந்தத்தை உயரத்தில்தான் தொங்கவிட முடியும். அந்த இடம் ஃபெரைட் தகட்டுக்கு உரியது. டிரையருக்குப் பிறகு, சார்ட்டிங் தட்டுகளில் வருவது வேறு சரக்கு. ஒன்றைப்போல் ஒன்று பத்து மடங்கு வேகத்தில் சுழலும் இரண்டு ரோலர்களின் துருப்பிடிக்காத எஃகுப் பற்கள் தேய்ந்து விழுந்த பொடி அது. துருப்பிடிக்காத எஃகு காந்தத்துக்கு மசியாது என்பார்கள். வெட்டுப்பட்டு, நசுங்கி, உருக்குலைந்த துகள் கொஞ்சம் மசியும், ஆனால் கொஞ்சம்தான். அதைப் பிடிக்க நியோடிமியக் கோல் வேண்டும். தேயிலை மெல்லிய அடுக்காகக் கோலை உரசிக்கொண்டே போகவும் வேண்டும். அடுக்கு தடித்தால் கோலின் விலை வீண்.

டிரையர் வாயருகே மாட்டுபவர்கள் வெப்பத்தையும் பார்க்க வேண்டும். சாதாரண நியோடிமியம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போய்விட்டால், ஆறிய பிறகும் இழந்த பலம் திரும்பாது. ஹெச் என்று குறித்த ரகம் 120 டிகிரி தாங்கும். தேயிலை ஆறிய இடத்தில் மாட்டுவது அதைவிட மலிவு.

இனி கம்பி. பெல்ட்டுக்கு மேலே தகட்டைத் தொங்கவிடும் திரெட் ராட் அறுந்துவிடுமோ என்றுதான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். 12 மி.மீ. ராடின் இழுவைப் பரப்பு 84 சதுர மி.மீ. சாதாரண 4.6 தரத்திலேயே அது 2 டன் வரை நீளாமல் தாங்கும். நான்கு ராடில் தொங்கும் தகட்டுக்கு வலிமை ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை ஆட்டமும் தளர்வும். நீண்டு தொங்கும் ராடுகளுக்குக் குறுக்குத் தாங்கல் இல்லையென்றால் தகடு பக்கத்திலுள்ள இரும்புச் சட்டத்தை நோக்கிச் சாயும். அதிரும் தட்டின் மேல் ஒற்றை நட் போட்டால் நாளடைவில் ஒரு மூலை இறங்கும் அல்லது ஏறும். 10 மி.மீ. ஏறினாலே என்ன ஆகும் என்பதை மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள். மேலும் கீழும் நட், கூடவே நைலான் பூட்டு நட். உயரம் சரிசெய்த பிறகு ராடில் ஒரு பெயிண்ட் கோடு. சங்கிலியில் தொங்கவிடுவதை நான் ஒப்புவதில்லை, மட்டம் நிற்காது.

ராட் என்ன உலோகம் என்பதும் முக்கியம். ஈரத் தூளின் மேல் சாதாரண இரும்பு ராட் துருப்பிடித்து உதிர்ந்தால், அகற்ற வந்த பொருளை நாமே சேர்க்கிறோம். தேயிலையின் டானினோடு இரும்பு சேர்ந்தால் கறுக்கும் என்பது வேறு. 304 ரக ராட் போதும். காந்தத்துக்கு நேர் கீழே பெல்ட்டின் படுகையும் இரும்பாக இருந்தால், அது காந்தமேறித் துகளைக் கீழ்நோக்கி இழுக்கும். அந்த ஓரடி ஒன்றரை அடிக்கு மட்டும் துருப்பிடிக்காத எஃகு போட்டுவிடலாம்.

மாட்டும் விதத்தைச் சோதிக்கும் கடைசி இடம் சுத்தம் செய்யும் நேரம். துகள் படர்ந்த கோல் பிடிப்பதை நிறுத்திவிடும். ஏற்கெனவே படர்ந்த துகளும் தேயிலையோடு அடித்துப் போகும். தகட்டைப் பெல்ட்டுக்கு வெளியே திருப்ப ஒரு கீல், கோலை உறையிலிருந்து உருவ ஒரு கைப்பிடி, இரண்டும் இல்லையென்றால் இரவு ஷிஃப்டில் யாரும் தொட மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஓடும் பெல்ட்டுக்கு மேலேயே துணியால் துடைப்பதோ, துடைக்காமல் விடுவதைவிட மோசம். பேஸ்மேக்கர் வைத்தவர்களை இந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். எச்சரிக்கைப் பலகை 5 காஸ் எல்லைக்கு வெளியே இருக்கட்டும்.

துடைத்ததை வெளியே கொட்டாமல், ஷிஃப்ட் வாரியாக எடை போட்டு, ரோலர் தீட்டிய தேதிக்கு எதிரே எழுதுங்கள். தீட்டி மாட்டியதும் எடை ஏறி, பிசிறு உதிர்ந்தபின் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால் ரோலர் இடைவெளியைப் பாருங்கள். புதுக் காந்தத்துக்கு ஆர்டர் போடுவது அதற்குப் பிறகு.