எண்ணும் பொருளும்

தமிழாசிரியனாகிய எனக்குச் சொல்வோர் பிழையினும், கேட்போர் பிழைபடக் கொள்ளும் பொருளே பேரச்சந் தருவது. அமெரிக்காவின் மிசிசிப்பிக் கரையை 1969இல் தாக்கிய கமீல் சூறாவளி, ஐந்து படிகொண்ட அளவையில் ஐந்தாம் படியினது. 2005இல் வந்த கத்ரீனாவோ கரைசேருங்கால் மூன்றாம் படியினது. கமீலுக்குத் தப்பிய வீடு இதற்கும் தப்புமென்று தங்கினோர் பலர். கடலோ ஏறத்தாழ 28 அடி உயர்ந்தது, மாண்டோர் பலர். அவ்வெண் காற்றின் வேகத்தைக் குறிப்பதேயன்றி நீரின் உயரத்தைக் குறிப்பதன்று. 2017 முதல் அங்கே கடற்பெருக்குக்கெனத் தனியெச்சரிக்கை விடுக்கப்படுகின்றது. நன்று. எச்சரிப்போர், நீர் எவ்வளவு உயரும், எவர் எப்போது அகலவேண்டும் என்பவற்றை முதலிற் கூறுக. எண் பின்னர் வருக.