முதுகு காட்டி நிற்பவள்

வானொலியில் எங்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒலிவாங்கி திறந்திருக்கும், பேச்சும் இருக்காது, பாட்டும் இருக்காது. ‘டெட் ஏர்’ என்போம். சில விநாடிகள் போதும், வியர்த்துவிடும். அப்பா இறந்த பிறகு இந்தப் பயம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தால், “என்னம்மா ஆச்சு?” என்று கேட்டுவிடுவேன்.

அதனால்தானோ என்னவோ, டென்மார்க் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோயின் படங்களை முதலில் பார்த்தபோது எனக்கு மூச்சு முட்டியது. கோப்பன்ஹேகனில் ஸ்ட்ராண்ட்கேட 30 என்ற முகவரியில், 1898 முதல் 1909 வரை மனைவி இடாவோடு குடியிருந்தார். அந்த வீட்டு அறைகளையே திரும்பத் திரும்ப வரைந்தார். சாம்பல் நிறச் சுவர், வெள்ளைக் கதவு, கறுப்பு உடையில் இடா. பெரும்பாலும் அவர் முதுகுதான் தெரியும். 1900-இல் வரைந்த ஒன்றில் இடாவும் இல்லை. சன்னல் வழியே சாய்வாக வெயில், அதில் மிதக்கும் தூசு. அவ்வளவுதான் படம்!

முதுகைக் காட்டினால் கோபம் என்றுதானே நமக்குப் பழக்கம்? ‘பாவம், என்ன சண்டையோ’ என்று நினைத்துக்கொண்டேன்.

என் எண்ணத்தை மாற்றியவர் அதே நாட்டின் அன்னா ஆங்கர். வடகோடியில் உள்ள ஸ்காகன் என்ற மீனவர் ஊரில் பிறந்தவர். 1891-இல் தம் மகள் ஹெல்காவை ஒரு நீல அறையில் உட்காரவைத்து வரைந்தார். சுவரெல்லாம் வெயில். சிறுமி தலைகுனிந்து நூல் பின்னுகிறாள். அவளும் நமக்கு முதுகைத்தான் காட்டுகிறாள். ஆனால் அவளுக்கு என்ன குறை என்று கேட்கத் தோன்றவில்லை. கைவேலையில் மூழ்கிய பிள்ளை, அவ்வளவே.

பிறகு இடாவிடம் திரும்பி வந்தேன். ஸ்ட்ராண்ட்கேட வீட்டில் வரைந்த இன்னொரு படத்தில் அவர் இடுப்போடு ஒரு தட்டை அணைத்தபடி நிற்கிறார். பக்கத்தில் மூடியோடு ஒரு பீங்கான் பாத்திரம். மூடி சரியாக உட்காரவில்லை. உடைந்து ஒட்டப்பட்ட மூடி. உடைந்ததை வீசாமல் ஒட்டி வைத்துப் புழங்கிய வீடு அது. ஓவியரும் அந்த இடைவெளியை மறைக்காமல் வரைந்திருக்கிறார். இது சண்டை வீடாக எனக்குத் தெரியவில்லை. இடாவை யாரும் “என்ன ஆச்சு?” என்று கேட்டுத் தொல்லை செய்யவில்லை, அதுதான் விஷயம்.

போன ஞாயிறு அம்மா சமையலறையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். வாசலில் நின்றேன். வழக்கமான கேள்வி வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். ஐந்து நிமிடம் இருக்கும்.

அம்மா திரும்பாமலே கேட்டார்: “என்னடா ஆச்சு உனக்கு? சத்தத்தையே காணோம்!”