இமாமை இனங்காணும் உரைகல்

2007ஆம் ஆண்டு ஜனவரித் திங்களின் இறுதியில், ஆஷூரா நாளையொட்டி, இராக்கின் நஜஃப் நகரருகே கடும் போர் மூண்டது. ‘ஜுந்துஸ் ஸமா’ (வானத்துப் படையினர்) எனும் குழுவினர் 200க்கும் மேற்பட்டோர் அதில் மாண்டனர். அவர்தம் தலைவர் தம்மையே மஹ்தி எனக் கூறிக்கொண்டவர் என்று இராக்கிய அதிகாரிகள் அறிவித்தனர். மறு ஆண்டு ஜனவரியில் அஹ்மத் அல்ஹஸன் என்பாரைப் பின்பற்றுவோர் பஸ்ராவிலும் நாஸிரிய்யாவிலும் அரசுப் படையினருடன் மோதினர். அவரோ, மறைந்திருக்கும் இமாமின் தூதரும் ‘யமானி’யும் தாமே என உரிமை கொண்டாடுபவர்.

இத்தகைய உரிமைகளை ஷீஆக் கோட்பாடு எந்த உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறது?

ஸுன்னத் வல் ஜமாஅத்தார் இமாமத்தை ஈமானின் அடிப்படைகளுள் ஒன்றாகக் கொள்வதில்லை. பன்னிரு இமாம்களை ஏற்கும் ஷீஆக்களோ அதனை இறைவனின் நியமனம் என்கின்றனர். இப்ராஹீம் நபி (அலை) அவர்களை இமாமாக்கியதைக் கூறும் அல்பகரா அத்தியாயத்தின் 124ஆம் வசனத்தை அதற்குச் சான்று காட்டுவர். ஆதலின் இமாமுக்கு மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது ‘நஸ்ஸு’; நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ முந்திய இமாமோ அவரைத் தெளிவாகச் சுட்டியிருத்தல். இரண்டாவது ‘இஸ்மத்’, பாவத்தினின்றும் பிழையினின்றும் காக்கப்பட்டிருத்தல். மூன்றாவது, மார்க்க ஞானத்தில் எவரினும் மேம்பட்டிருத்தல்.

உரிமை கோருவோர் அன்றும் இருந்தனர். ஹிஜ்ரி 260இல் (கி.பி. 874) பதினோராம் இமாம் ஹஸன் அல்அஸ்கரீ ஸாமர்ராவில் மறைந்தபோது அவர்தம் சகோதரர் ஜஅஃபர் உரிமை கோரினார். ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்குப் பின் இமாமத் சகோதரருக்குச் செல்லாது என்று மறுக்கப்பட்டார். மறைந்த பன்னிரண்டாம் இமாமின் சார்பில் நால்வர் அடுத்தடுத்துப் பிரதிநிதிகளாயினர். அவர்களுள் மூன்றாமவரான ஹுஸைன் இப்னு ரூஹ் காலத்தில் ஷல்மகானீ என்பவர் வரம்பு மீறி விலக்கப்பட்டார். ஹிஜ்ரி 329இல் (கி.பி. 941) நான்காமவர் மறையுமுன் இமாமிடமிருந்து வந்ததாக ஷீஆக்கள் நம்பும் மடல், இனிப் பிரதிநிதியை நியமிக்கலாகாது என்றது. ஸுஃப்யானியின் கிளர்ச்சிக்கும் வானொலி முழக்கத்துக்கும் முன் இமாமைக் கண்டதாகக் கூறுவோன் பொய்யன் என்றும் உரைத்தது. பிரதிநிதித்துவம் கோருவதையே இது குறிக்கும் என்பது அறிஞர் பலரின் விளக்கம்.

இவ்விடத்தில்தான் இக்காலத்தவரின் உத்தி புலனாகிறது. ‘நானே இமாம்’ எனின் நஸ்ஸு கேட்கப்படும். எனவே ‘தூதர்’, ‘யமானி’ என்று ஒருபடி இறங்கி நிற்கின்றனர். அஹ்மத் அல்ஹஸனின் இயக்கத்தார் தூஸீயின் நூலிலுள்ள ஓர் அறிவிப்பையும், கனவுகளையும், இஸ்திகாராவையும் சான்றாக்குகின்றனர். ஈமானுக்குரிய செய்தி ஐயத்துக்கிடமற்ற சான்றாலன்றி நிலைபெறாது. கனவு பிறரைக் கட்டுப்படுத்தாது என்பது நஜஃப் மரபு ஆலிம்களின் மறுமொழி.

முஜ்தஹிதுகளைப் பின்பற்றுவதும் இவ்விதிக்கு முரணன்று. அவர்கள் கோருவது கற்றுத் தேர்ந்த புலமையையே. பாவமின்மையையோ பெயர் சுட்டிய நியமனத்தையோ அன்று.

2003ஆம் ஆண்டுப் போருக்குப் பின் சிதைந்த நாட்டில், இன்னலுற்ற மக்கள் மீட்பரை நாடியது இயல்பே. ஆயினும் துன்பம் மிகுந்தது என்பதால் சான்று தேவையற்றுப் போய்விடாது. காத்திருப்பதும் வணக்கம் என்று கற்பிக்கும் கோட்பாட்டில், அவசரமே பொய்யர்க்கு வாயிலாகிறது. அவ்வாயிலில் நுழைந்து உயிரிழந்தவர்களோ பெரும்பாலும் நம்பி வந்த எளியோர்.