கட்டணச் சீட்டில் யார் பெயரோ, பொறுப்பும் அவருக்கே: வீட்டு வைஃபையைப் பூட்டி வைப்போம்

"வீட்டுப்பாடம் அனுப்பணும் ஆண்ட்டி, வைஃபை பாஸ்வர்ட் கொடுங்க." தாமான் வரிசை வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் அடிக்கடி கேட்கும் வேண்டுகோள் இது. ஒரு வீட்டில் இணையம் போட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் மடிக்கணினியோடு வந்து வாசலில் உட்கார்ந்துவிடும். தோட்டத்து லயத்தில் சீனியும் அரிசியும் கைமாறிய பழக்கம், இன்று கடவுச்சொல்லைக் கைமாற்றும் பழக்கமாக வளர்ந்திருக்கிறது.

உதவுவதில் தவறில்லை. ஆனால் சீனி கொடுத்தவரை யாரும் விசாரணைக்கு அழைத்ததில்லை. கடவுச்சொல் கொடுத்தவருக்கு அந்த நிலை வரலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு 2012 ஜூலை 31ஆம் தேதி நடப்புக்கு வந்தது. ஓர் இணையச் சேவையிலிருந்து ஏதேனும் ஒரு பதிவு வெளியானால், அந்தச் சேவைக்குச் சந்தாதாரராகப் பதிந்திருப்பவரே அதை வெளியிட்டார் என்று இப்பிரிவு அனுமானிக்கிறது. கணினிக்கும் இதே விதிதான். பதிவு கிளம்பிய கணினி யார் வசம் இருக்கிறதோ, அவரே வெளியிட்டவர் என்று எடுத்துக்கொள்ளப்படும். "நான் இல்லை" என்று நிரூபிக்கும் சுமை அவர் தலையில் விழுகிறது. இதை எதிர்த்து 2012 ஆகஸ்ட் 14ஆம் தேதி பல மலேசிய இணையத்தளங்கள் இருட்டடிப்புப் போராட்டம் நடத்தின. ஆனாலும் பிரிவு நீக்கப்படவில்லை.

அனுமானம் என்பது தீர்ப்பு அல்ல. எதிர்ச் சான்று காட்டினால் அது உடைந்துவிடும். ஆனால் அந்தச் சான்றைத் தேடி அலைவது யார்? பல வீடுகளில் இணையக் கணக்கு அப்பா பெயரிலோ, பாட்டி பெயரிலோ இருக்கிறது. முகநூல் பக்கமே போகாதவர், அதில் வந்த பதிவுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை ஏற்படலாம்.

தண்டனையும் இப்போது சிறியதல்ல. 2024 ஜூலையில் நம் சமூகத்தைச் சேர்ந்த இளம் சமூக ஊடகப் பிரபலம் ஒருவர் இணையப் பகடிவதைக்கு ஆளாகி உயிரை மாய்த்துக்கொண்டார். அவரை இழிவுபடுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு 100 ரிங்கிட் அபராதம் மட்டுமே விதிக்கப்பட்டது. உயிருக்கு 100 ரிங்கிட்தானா என்று மக்கள் கொதித்தனர். சட்டம் கடுமையாக வேண்டும் என்ற குரல் வலுத்தது.

2025 பிப்ரவரி 11ஆம் தேதி தொடர்பு, பல்லூடகச் சட்டத் திருத்தங்கள் அமலுக்கு வந்தன. 233ஆம் பிரிவின் கீழ் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாகவும், உச்சச் சிறைத்தண்டனை ஓராண்டிலிருந்து ஈராண்டாகவும் உயர்ந்தன. பகடிவதை செய்பவர்களைப் பிடிக்க இந்தக் கடுமை தேவை. அதே வலையில் தவறு செய்யாத சந்தாதாரர் சிக்காமலிருக்க, வீட்டிலும் ஒரு கட்டுப்பாடு தேவை.

இரண்டு பூட்டுகள்

வைஃபை கடவுச்சொல் ஒன்றுதான் பூட்டு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ரௌட்டருக்கு இரண்டு பூட்டுகள் உண்டு. ஒன்று வைஃபையில் இணைவதற்கு. மற்றொன்று ரௌட்டரின் அமைப்புகளையே மாற்றுவதற்கு. இந்த இரண்டாவது கடவுச்சொல் பல வீடுகளில் பெட்டி வந்த நாளில் இருந்தபடியே கிடக்கிறது.

அதன் ஆபத்தை 2016இல் உலகம் பார்த்தது. 'மிராய்' என்ற தீநிரல் இணையக் கேமராக்களையும் வீட்டு ரௌட்டர்களையும் பெருமளவில் கைப்பற்றியது. தொழிற்சாலையில் வைக்கப்பட்ட ஏறக்குறைய 60 பயனர் பெயர், கடவுச்சொல் ஜோடிகளை ஒவ்வொன்றாக முயன்று பார்த்ததுதான் அது செய்த வேலை. ரௌட்டரின் அமைப்புக்குள் புகுந்த ஒருவர், வங்கியின் முகவரியைத் தட்டினால் போலிப் பக்கம் திறக்கும்படி மாற்றிவிடவும் முடியும்.

ஆகவே முதல் வேலை, இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றுவது. கார் எண், பிறந்த தேதி, கைப்பேசி எண் வேண்டாம். தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் சேர்த்து எழுதினால் நினைவிலும் நிற்கும், பிறர் ஊகிப்பதும் கடினம். பாதுகாப்பு வகையில் 'டபிள்யூபிஏ3' இருந்தால் அதையும், இல்லையென்றால் 'டபிள்யூபிஏ2'வையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய 'டபிள்யூஇபி' எளிதில் உடைபடும். பொத்தானை அழுத்தி இணைக்கும் 'டபிள்யூபிஎஸ்' வசதியை அணைத்து விடலாம். ரௌட்டரின் மென்பொருளைப் புதுப்பிப்பதும் அவசியம். இவற்றைச் செய்யத் தெரியாவிட்டால், இணையச் சேவை நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்து உதவி கேட்கலாம்.

பகிர்வது எப்படி?

பல ரௌட்டர்களில் விருந்தினருக்குத் தனி இணைப்பு வைக்கும் வசதி உண்டு. அண்டை வீட்டாருக்கு அதைக் கொடுத்தால், அவர்கள் கணினியில் கிருமி இருந்தாலும் நம் மடிக்கணினியை அது நெருங்குவது கடினம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. விருந்தினர் இணைப்பும் வெளியே போவது அதே சந்தாவின் வழியாகத்தான். கருவிகளை அது காக்கும், சட்டப் பொறுப்பை மாற்றாது. எனவே பெயர் சொல்லத் தெரிந்தவர்களுக்கு மட்டும் கொடுப்பதும், சில மாதங்களுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றுவதும், இணைந்துள்ள கருவிகளின் பட்டியலை ரௌட்டரில் பார்ப்பதும் நல்லது. நிரந்தரமாகத் தேவைப்படும் வீட்டார் தனிச் சந்தா எடுப்பதே முறை.

மடிக்கணினிக்கும் இதே கவனம் வேண்டும். குடும்பமே ஒரு கணினியைப் பயன்படுத்தினால் ஆளுக்கொரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் அமைக்கலாம். முகநூலைத் திறந்தபடி விட்டுப் போகக்கூடாது. பிறர் வீட்டு வைஃபையில் இணையும்போது விண்டோஸில் 'பொது நெட்வொர்க்' என்பதைத் தேர்வு செய்ய வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. இரவல் வாங்கிய பழைய மடிக்கணினியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதையும் கவனிக்க வேண்டும்.

சுமை யாருடையது?

சிங்கப்பூர் 2021 ஏப்ரல் 13 முதல், அங்கு விற்கப்படும் வீட்டு ரௌட்டர்களுக்குக் குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகளை நடப்புக்குக் கொண்டு வந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிக் கடவுச்சொல், தானாகப் புதுப்பிக்கும் மென்பொருள் ஆகியவை அவற்றில் அடங்கும். பெட்டியைச் செய்பவரும் விற்பவரும் சுமையில் பங்கேற்க வேண்டும் என்பதே அதன் பொருள். சந்தாதாரரின் தலையில் இவ்வளவு பெரிய அனுமானத்தை வைக்கும் மலேசியாவிலும், இணையத்தைப் பொருத்த வரும் பணியாளர் இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றிக் காட்டிவிட்டுப் போவதை நடைமுறையாக்கலாம். பத்து நிமிட வேலைதான்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் ஆலய இளைஞர் அணிகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்கலாம். விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்கள் வீடு வீடாகப் போனால் ஒரு தாமானே பாதுகாப்பாகிவிடும். அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் வைஃபை கடவுச்சொல் இப்போது யார் யாரிடம் இருக்கிறது? விரல்விட்டு எண்ண முடியவில்லை என்றால், இன்றைக்கே மாற்றிவிடுவது நல்லது.