பட்டா தந்தார் ஓமந்தூரார், குத்தகை விவசாயிக்கு?

பெருமுக்கல் வட்டார விவசாயிகளுக்கு ஓமந்தூரார் பக்கத்து ஊர்க்காரர். பல தலைமுறைகளுக்கு முன் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறி, இந்த மண்ணையே சொந்த மண்ணாக்கிக்கொண்ட வேளாண் மரபில் வந்தவர் ஓ.பி.ராமசாமி ரெட்டியார். 1895-ல் திண்டிவனம் அருகே ஓமந்தூரில் பிறந்த அவர், 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். முதல்வர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். 1949 ஏப்ரலில் பதவி விலகியவர், பிற்காலத்தை வடலூரில் வள்ளலார் வழித் தொண்டில் கழித்து 1970-ல் மறைந்தார்.

ஆட்சி இரண்டே ஆண்டுகள்தான். கோயில் நுழைவுச் சட்டத்தையும் தேவதாசி முறை ஒழிப்பையும் பலரும் சொல்வார்கள். விவசாயிகள் மறக்கக் கூடாதவை வேறு இரண்டு. ஜமீன் குடியானவர்கள் கட்டிவந்த தொகையை, அக்கம்பக்கத்து ரயத்துவாரி கிராமங்களின் தீர்வை அளவை ஒட்டிக் குறைத்தது 1947-ம் ஆண்டுச் சட்டம். ஜமீன்தாரி முறையையே ஒழித்து, குடியானவர்கள் தம் பெயரில் பட்டா பெற வழி செய்தது 1948-ம் ஆண்டுச் சட்டம்.

பட்டாவுக்கும் மண்வளத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மணிலாவுக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இடச் சொன்னால் குத்தகைதாரர் இடுவார். பலன் அதே பருவத்தில் கிடைத்துவிடும். 5 டன் தொழுவுரமோ ஏரி வண்டலோ போடச் சொன்னால் தயங்குவார். அதன் பலன் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கும் நீளும். அப்போது நிலம் யார் கையில் இருக்குமோ? அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் உதவி நில உடைமையாளர்களுக்கு மட்டுமே. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரருக்கும் இடமுண்டு. ஆனால், வாய்மொழிக் குத்தகைக்கு எந்த ஆவணத்தைக் காட்டுவது? குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழகத்தில் 1969-லேயே சட்டம் வந்தது. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற உரிமையாளரின் அச்சமே பெரிய தடை.

ஆந்திரம் 2019-ல் இதற்கு ஒரு வழி கண்டது. 11 மாத ஒப்பந்தம். உரிமையாளரின் உரிமைக்குப் பாதிப்பில்லை. சாகுபடி செய்பவருக்குக் கடனும் காப்பீடும் கிடைக்கும். உரிமையாளர் கையெழுத்து கட்டாயம் என்பதே அதன் பலவீனம். நாம் இன்னும் ஒரு படி மேலே போகலாம். கிராம நிர்வாக அலுவலர் வயலை நேரில் பார்த்து, உண்மையில் பயிர் செய்பவருக்குப் பருவந்தோறும் சாகுபடிச் சான்று தரட்டும். நில உரிமைக்கு அது ஆதாரமாகாது என்று அதிலேயே அச்சிட்டுவிடலாம்.

ஓமந்தூரார் பெயரில் சென்னையில் அரசினர் தோட்டம் இருக்கிறது. அவர் ஊரைச் சுற்றியுள்ள குத்தகை விவசாயிக்கு ஒரு சான்றிதழாவது இருக்க வேண்டாமா?