பத்து செத்துப்போகவில்லை

"மாஷே, பத்து செத்துப்போச்சு. பதினொண்ணு இந்தப் பெட்டியில ஏறாது. பேசாம புதுசு வாங்கிடுங்க."

சித்தூரிலிருந்து நல்லேப்பிள்ளி வழியாகக் கொழிஞ்சாம்பாறை வரை எந்தக் கணினிக் கடையில் ஏறினாலும் இப்போது இதே பேச்சுத்தான். பத்து என்றால் விண்டோஸ் 10, பதினொண்ணு என்றால் விண்டோஸ் 11. சப்ளைகோவில் நெல்லுக்குப் பதிவு போடவும், பிள்ளைகளின் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கவும், பால் கணக்கு எழுதவும் வீட்டில் ஒரு பெட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டுவிட்டு, அடுத்த அறுவடைப் பணத்தில் முப்பதாயிரமோ நாற்பதாயிரமோ ஒதுக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பாதி உண்மையைச் சொல்கிறார். அந்தப் பாதிக்குள் விற்பனையும் கலந்திருக்கிறது.

முதலில் அந்தச் சாவு. 2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. நடந்தது அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் பெட்டி எழுந்தது, கோப்பு திறந்தது, பிரிண்டர் ஓடியது. அதோடு, வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தம் தருவதாக அதே நிறுவனம் ஒரு நீட்டிப்பையும் அறிவித்தது. பெட்டியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் காசு வேண்டாம். அவர்களுடைய பரிசுப் புள்ளிகள் 1000 கையில் இருந்தாலும் போதும். இரண்டும் வேண்டாமென்றால் 30 டாலர். பெட்டியில் இருப்பது 22எச்2 பதிப்பாக இருக்க வேண்டும் என்பது ஒரு நிபந்தனை, எந்த வழியில் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும் என்பது இன்னொன்று. அமைப்புகளில் அப்டேட் பக்கத்தைத் திறந்தால் அங்கேயே சேரலாம். இதை எனக்கு எந்தக் கடையிலும் யாரும் சொல்லவில்லை. நானே தேடித்தான் கண்டுபிடித்தேன். டிஃபெண்டர் வைரஸ் தடுப்புக்கான அன்றாடக் குறிப்புகளும் எட்ஜ் பிரவுசரும் 2028 அக்டோபர் வரை வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். செத்தவனுக்கு யாராவது மூன்று வருஷம் மருந்து கொடுப்பார்களா?

இதற்கு முன்னால் ஒரு உதாரணம் இருக்கிறது. விண்டோஸ் 7-இன் கெடு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. ஆனால் நம் ஊர்ப் பெட்டிகளில் அது தடுமாறத் தொடங்கியது 2023 பிப்ரவரியில், குரோம் பிரவுசர் அதைக் கைவிட்ட பிறகுதான். ஒவ்வொரு தளமாகக் கோணலாகத் திறந்தது, பிறகு திறக்கவே மறுத்தது. அரசு வேலை எல்லாம் பிரவுசருக்குள் போய்விட்ட காலம் இது. 2025 ஏப்ரலிலிருந்து கிராம ஊராட்சிகளிலும் கே-ஸ்மார்ட் இணையச் சேவை வந்துவிட்டது. ஆகவே வீட்டுக் கணினிக்கு உண்மையான கெடு பிரவுசர் கைவிடும் நாள்தான். பத்துக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை.

அடுத்தது, "பதினொண்ணு ஏறாது." சில பெட்டிகளில் ஏறாது என்பது மெய்தான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேற்பட்ட செயலி, கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் எல்லாம் கேட்கிறது. ஆனால் எட்டாம் தலைமுறைப் பெட்டிகளிலும் "ஏறாது" என்று வருவதுண்டு. பல நேரம் அதற்குக் காரணம், பயாஸில் டிபிஎம் அணைத்து வைக்கப்பட்டிருப்பதுதான். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் அது ஒளிந்திருக்கும். அதை இயக்கிவிட்டு மறுபடி சோதித்தால் போதும். ஐந்து நிமிட வேலைக்கு நாற்பதாயிரம் கொடுக்க வேண்டியதில்லை.

சோதனையைத் தாண்டிக் குறுக்கு வழியில் பதினொண்ணை ஏற்றித் தருகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஏற்றினால் அப்டேட்டுக்கு உரிமை கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் முன்கூட்டியே சொல்லிவிட்டது. மிகப் பழைய செயலிகளில் 24எச்2 பதிப்பு தொடங்கவே தொடங்காது. அப்டேட்டுக்காகத்தானே இவ்வளவு பாடும், பிறகு அப்டேட்டே நிச்சயமில்லாத ஒன்றை எதற்காக ஏற்ற வேண்டும்?

பெட்டி மெதுவாக ஓடுகிறது, அதனால் மாற்றுங்கள் என்பார்கள். மெதுவாக ஓடுவது பெரும்பாலும் உள்ளே சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கினால். எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு ரேமைக் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். புதுப்பெட்டி விலையில் சிறு பங்குதான் ஆகும். என் ஆறாம் தலைமுறைப் பெட்டி அப்படித்தான் உயிர்த்தது.

இனி கடைக்காரர்களின் பெரிய ஆயுதம்: "பழசை வெச்சிருந்தா வைரஸ் வரும்." இந்தப் பாலக்காடு மாவட்டத்துக்காரர்களிடம் இதைச் சொல்பவர்கள் 2017 மே மாதத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த மாதம் 12-ஆம் தேதி வானாக்ரை என்ற பணயத் தீம்பொருள் உலகம் முழுதும் பரவியது. சில நாட்களில் தென்னக ரயில்வேயின் பாலக்காடு கோட்ட அலுவலகத்திலும் நுழைந்து, ஊழியர் பிரிவிலும் கணக்குப் பிரிவிலும் இருபதுக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. ரயில்கள் ஓடின, கோப்புகள்தான் திறக்கவில்லை. வயநாட்டில் தரியோடு ஊராட்சி அலுவலகமும் மாட்டியது.

அது பழைய இயங்குதளத்தால் வந்த வினை என்றுதான் அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு. எக்ஸ்பியைத் திட்டாதவர்கள் இல்லை. ஆனால் காஸ்பர்ஸ்கி நிறுவனம் எண்ணிப் பார்த்தபோது, பாதிக்கப்பட்ட கணினிகளில் ஏறக்குறைய 98 விழுக்காடு விண்டோஸ் 7 என்று தெரிந்தது. 2017-இல் விண்டோஸ் 7 கெடு முடிந்த சரக்கா? இல்லை, அதற்கு இன்னும் இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆதரவு பாக்கி இருந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தையும் மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டுவிட்டது. தாக்குதலுக்கு இரண்டு மாதம் முன்பு! மருந்து வீட்டுப் படியில் வந்து கிடந்தது, எடுத்துக் குடிக்கத்தான் ஆளில்லை. "அப்டேட் போட்டா ஸ்லோ ஆயிடும், ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்" என்று பெருமையாகச் சொல்லிப் பெட்டியைக் கையில் கொடுக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கு அதே கை புதுப்பெட்டியில் பதினொண்ணைப் போட்டு அதிலும் அப்டேட்டை அணைத்தால், இன்றைய பத்தை விட அது எந்த விதத்தில் பத்திரம்?

இதை வைத்து, "ஓடுற வண்டியை எதுக்குத் தொடணும், நான் ஏழிலேயே இருப்பேன்" என்கிற எதிர்க்கட்சிக்காரர்களுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். இணையத்தில் இணைந்த பெட்டிக்குத் திருத்தம் வராமல் போனால், வங்கிக் கணக்கை அதில் திறக்கக் கூடாது. அவர்கள் வாதம் இந்த ஒரு வரியிலேயே விழுந்துவிடும்.

மூன்றாவது வழியும் உண்டு. அதை எடுத்தால் உடனே "லினக்ஸா? அதெல்லாம் நமக்கு ஆகாது மாஷே" என்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும். சொல்பவருடைய பிள்ளை பள்ளிக்கூடத்தில் அதைத்தான் ஓட்டுகிறது. 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே கேரளப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறிவிட்டன. அத்திட்டம் 2017-இல் கைட் நிறுவனமாயிற்று. 2024-இல் அவர்கள் வெளியிட்ட பதிப்பு உபுண்டு 22.04-ஐ அடியாகக் கொண்டது. ஐசிடி பாடநூல் தமிழ்வழிப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே வருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆகும், அப்பனுக்கு ஆகாது என்றால் கோளாறு லினக்ஸில் இல்லை. தமிழ் 99 விசைப்பலகை அதிலும் உண்டு. இப்படி மாறியதால் இரண்டு லட்சம் கணினிகளில் 3000 கோடி ரூபாய் மிச்சம் என்று கைட் சொல்வதுண்டு. அது உரிமக் கட்டணத்தை முழு விலைக்குப் போட்ட கணக்கு, அப்படியே விழுங்க வேண்டியதில்லை. மிச்சம் உண்டு என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

இலவசம் என்பதால் லினக்ஸுக்குக் கெடு இல்லை என்று நினைப்பதும் தப்பு. உபுண்டு 18.04-க்கான பொது ஆதரவு 2023-இல் முடிந்தது. 22.04-க்கு 2027 வரைதான். எந்தச் சாமிக்கும் வருஷத் திருவிழா தப்பாது.

கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கும் இடங்களும் இருக்கின்றன. டேலி ஓட்டுகிறவர் விண்டோஸை விட முடியாது. அட்சயா மையத்தில் விரல்ரேகைக் கருவி வைத்திருப்பவர் கருவிக்காரர் சொல்லும் இயங்குதளத்தில்தான் இருந்தாக வேண்டும். ஊரார் ஆதார் விவரம் கடந்துபோகும் பெட்டிக்குத் திருத்தம் தவறவே கூடாது. ஊரில் அச்சடிக்கும் இடங்களில் இன்னும் பாதி நாள் ஓடும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டரை லினக்ஸில் பிடித்துவைப்பது பெரும்பாடு. கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் நிலைமை இன்னும் சிக்கல். ஒரு பக்கம் மலையாளம், ஒரு பக்கம் தமிழ். மலையாளத்துக்கு எம்எல் கார்த்திகா, தமிழுக்குப் பாமினி, இரண்டையும் சேர்ப்பது 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7. அவர் பழைய பெட்டியை அப்படியே வைத்து, இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு, பென் டிரைவில் வேலை வாங்கட்டும். அது பத்தாக இருந்தால் என்ன, எக்ஸ்பியாக இருந்தால் என்ன?

மற்றவர்கள் கடைக்குப் போகுமுன் மூன்றைப் பாருங்கள்: செயலி எத்தனையாம் தலைமுறை, பயாஸில் டிபிஎம் இயங்குகிறதா, பெட்டியில் செய்யும் வேலையில் பிரவுசருக்கு வெளியே எது இருக்கிறது. எட்டோ அதற்கு மேலோ என்றால் பதினொண்ணை இலவசமாகவே ஏற்றிக்கொள்ளலாம். எட்டுக்குக் கீழே இருந்து, வேலை முழுதும் பிரவுசருக்குள் என்றால் நீட்டிப்பில் சேர்ந்துவிட்டு, அது முடிவதற்குள் லினக்ஸ் பழகிக்கொள்ளுங்கள். என் பெட்டி இரண்டாவது வகை. நீட்டிப்பில் சேர்த்தாயிற்று. உபுண்டு ஏற்றிய பென் டிரைவ் மேசை இழுப்பறையில் இருக்கிறது.